பாதை அடைபட்டால் பிரயாணியின் தொழுகை என்ன?

அமீரகத்தின் அல்ஐன் நகரில் கணவரோடும் மூன்று பிள்ளைகளோடும் வசித்து வரும் ஒரு சகோதரி நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். பூர்வீகம் நம் கடற்கரைப் பட்டினங்களில் ஒன்று. ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த குடும்பம். "ஹஜ்ரத் அவர்களே! ஓமானிலுள்ள சலாலாவுக்குக் காரிலேயே போய் மழைக்காலத்தைப் பார்த்து வர வேண்டுமென்று பிள்ளைகளுக்கு வெகுநாள் ஆசை. 2020-ல் திட்டமிட்டோம், நோய்த் தடையில் எல்லாம் அடைபட்டது. பிறகொரு வருஷம் புறப்பட்டே விட்டோம். எல்லைச் சாவடியில் சின்னவனுடைய காகிதத்தில் ஏதோ குறை என்று ஒரு மணி நேரம் காக்க வைத்துத் திருப்பி அனுப்பி விட்டார்கள். அன்று நாங்கள் தொழுத தொழுகையைப் பற்றி எனக்கும் பிள்ளைகளின் வாப்பாவுக்கும் இன்னும் தீராத விவகாரம். இவ்வருஷம் மறுபடியும் போக எண்ணியுள்ளோம். சட்டத்தை விளக்கமாக எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

வெளிநாடுகளில் வாழும் நம் குடும்பங்கள் இப்போது காரிலேயே தேசம் விட்டுத் தேசம் போகிறார்கள். எந்த எல்லை எப்போது அடைபடும் என்பது போகிறவர் கையில் இல்லை. எனவே இது ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய மஸ்அலா அல்ல என்று கருதி, பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

சலாலாவைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை, நம் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டு வரும் அதே தென்மேற்குப் பருவக் காற்று, அரபுக் கடலோரமாக டோஃபார் மலைகளின் தெற்கு முகத்தையும் தொடுகிறது. அதை அங்கே 'கரீஃப்' என்கிறார்கள். வளைகுடா முழுவதும் 45 டிகிரி வெயிலில் வேகும் நாட்களில் அந்த மலைச்சரிவு மட்டும் பச்சைப் பசேலென்று தூறலில் நனைந்து கிடக்கும். அல்ஐனிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். இப்ரியைத் தாண்டி, ஹைமா வழியாகத் தும்ரைத் வரை மரமற்ற மணல்வெளி. தும்ரைத்தைக் கடந்து மலையிறங்கும்போது திடீரென மூடுபனிக்குள் கார் நுழையும். அதுவரை நேர்ச்சாலையில் வேகத்துக்குப் பழகிய கை அந்த இடத்தில் அடங்க வேண்டும். விபத்துக்கள் நேரும் இடம் அது.

முதற் கேள்வி, காட்சி பார்க்கப் போவது ஆகுமா என்பது. ஆகும். பூமியில் சுற்றிப் பார்த்து அல்லாஹ்வின் படைப்பைச் சிந்திக்கும்படி குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. ஆனால் போவது ஆகுமானதா என்பது ஒன்று, அந்தப் போக்கில் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாமா என்பது வேறு. இந்த இரண்டாவதில் ஷாபிஈ கிதாபுகள் நுணுக்கமாகப் பேசுகின்றன. பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் எழுதியதும், நம் மதரஸாக்களில் ஓதப்படுவதுமான 'ஃபத்ஹுல் முயீன்', வெறுமனே ஊர்களைப் பார்ப்பதற்கென்றே கிளம்பியவருக்குச் சரியான சொல்லின்படி கஸ்ரு கிடையாது என்கிறது. ஒரு நோக்கமும் இல்லாமல் உடம்பையும் வாகனத்தையும் வருத்துவதற்கு மார்க்கம் சலுகை தரவில்லை என்பது அதன் கருத்து.

அப்படியானால் சலாலாவுக்குப் போகிறவர் கதி என்ன? பிற்கால இமாம்கள் 'தனஸ்ஸுஹ்', அதாவது மன இளைப்பாறலுக்காகப் போவதைத் தனியாக எடுத்துப் பேசியிருக்கிறார்கள். மனத்தின் சோர்வும் அழுக்கும் நீங்கி உடல் சீர்படுவதற்காக மனிதர்கள் வழக்கமாக நாடும் காரியம்தான் அது. ஆகவே சரியான நோக்கமே என்றார்கள் ஒரு சாரார். பிரயாணத்துக்கு மூல காரணமே அதுவாக இருந்தால் அதுவும் ஊர் பார்ப்பது போன்றதே என்றார்கள் மறு சாரார். இந்த ஏழை விளங்கிக் கொண்ட வரையில், வருஷம் முழுவதும் நாலு சுவருக்குள் குளிர்சாதனக் காற்றில் அடைந்து கிடக்கும் மனைவி மக்களின் உடலும் மனமும் தேற வேண்டுமென்று போவது முதல் வகையைச் சேர்ந்தது. அங்கே உறவினர் இருந்து அவரைக் காணவும் எண்ணினால், அல்லது நபி அய்யூப் (அலை) அவர்களின் அடக்கஸ்தலம் என்று அங்குள்ளோர் சொல்லி வரும் மலைமேல் இடத்தை ஸியாரத் செய்யவும் எண்ணினால், பேச்சுக்கே இடமில்லை. மனம் ஒப்பாதவர் நான்காகவே தொழட்டும். ஷாபிஈ மத்ஹபில் முழுமையாகத் தொழுதவரின் தொழுகை கூடும்.

ஹனபி மத்ஹபில் இந்தப் பேச்சே எழாது. அங்கே பிரயாணத்தின் தூரம் நிறைந்து விட்டால் போதும், நோக்கம் கேட்பதில்லை. அன்றியும் அங்கே கஸ்ரு சலுகை மட்டுமல்ல, அவசியமும் ஆகும்.

தூரத்தைப் பொறுத்தவரை, ஷாபிஈயில் இரண்டு மர்ஹலா, அதாவது 48 ஹாஷிமி மைல். இதைக் கிலோமீட்டராக்கும்போது 81 என்றும், 88-க்குச் சற்று மேல் என்றும், மைலை நீளமாகக் கொண்டவர்கள் 130-க்கு மேல் என்றும் கணக்குச் சொல்கிறார்கள். ஹனபியில் நம் நாட்டு வழக்கு சுமார் 77. சலாலாவுக்கு ஆயிரம் என்னும்போது இந்த வித்தியாசத்தால் நஷ்டமில்லை. பக்கத்து ஊர்களுக்குப் போகும்போது மட்டும் உங்கள் ஆலிம் சொல்லும் கணக்கைப் பற்றிக் கொள்ளுங்கள்.

கடன் விஷயம் ஒன்றைக் கடிதத்தில் கேட்கவில்லை. ஆயினும் சொல்லாமல் விட மனமில்லை. தவணை வந்துவிட்ட கடனை அடைக்கச் சக்தியிருந்தும் அடைக்காமல், கடன் கொடுத்தவரிடம் அனுமதியும் பெறாமல் பிரயாணம் போகிறவருக்குக் கஸ்ரும் இல்லை, ஜம்உம் இல்லை என்று அதே ஃபத்ஹுல் முயீன் கூறுகிறது. போக்கே பாவமான போக்கு. அதற்குச் சலுகை ஏது? அறை நண்பரிடம் கைமாற்று வாங்கி ஆறு மாதம் இழுத்தடித்துக் கொண்டு, சலாலாவில் ஓட்டலுக்கு முன்பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் நண்பரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அவர் மனமொப்பித் தவணை தந்தால் வழி சீர்பட்டு விட்டது.

இனித்தான் மையமான விஷயம். பிரயாணி எந்த ஊருக்குப் போகிறோம் என்பதை முடிவு செய்து கொண்டு புறப்பட வேண்டும் என்பது ஷாபிஈ சட்டம். போக்கிடம் தெரியாமல் அலைகிறவர் எவ்வளவு தூரம் சுற்றினாலும் அவருக்குக் கஸ்ரு இல்லை. ஓடிப்போனவனைத் தேடி, 'கிடைத்த இடத்தில் திரும்பி விடுவேன்' என்று கிளம்பியவரும் அப்படியே. ஏனென்றால் இரண்டு மர்ஹலா போவதாக அவர் உள்ளத்தில் உறுதி கொள்ளவில்லை.

இப்போது பாருங்கள். ஒருவர், "சலாலாவுக்குப் போகிறேன், இன்ஷா அல்லாஹ்" என்று உறுதியோடு கிளம்புகிறார். எல்லையில் தடுக்கப்படலாம் என்பதும் அவருக்குத் தெரியும். இவர் முஸாபிர்தான். தடுக்கப்படலாம் என்ற அறிவு உறுதியைக் கெடுத்து விடாது. கப்பலேறிய நம் முன்னோர் எல்லோருக்கும் காற்று மாறலாம் என்பது தெரிந்தேதான் இருந்தது. இன்னொருவர், "சும்மா வண்டியை எடுப்போம், திறந்திருந்தால் சலாலா, இல்லாவிட்டால் எங்காவது போய்விட்டு வருவோம்" என்று கிளம்புகிறார். இவர் அந்தத் தேடிப் போகிறவரைப் போன்றவர். எல்லை கடந்து, போவது உறுதியாகி, இனியும் செல்லும் தூரம் இரண்டு மர்ஹலா இருக்கும்போதுதான் சலுகை தொடங்கும்.

ஆகவே வீட்டில் உட்கார்ந்து திட்டமிடும்போதே தீர்மானம் செய்து விடுங்கள். விசா, ஓமானில் செல்லுபடியாகும் வாகனக் காப்பீடு, பிள்ளைகள் ஒவ்வொருவரின் காகிதம் எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்து விடுவதும் அந்தத் தீர்மானத்தைச் சேர்ந்ததே. 'இன்ஷா அல்லாஹ்' என்று சொல்லி விட்டதால் காகிதம் பார்க்க வேண்டியதில்லை என்று நினைப்பவர் அந்த வார்த்தையின் மரியாதையை அறியாதவர். நாளை இதைச் செய்வேன் என்று இறைநாட்டத்தோடு சேர்த்துச் சொல்லாமல் கூறக் கூடாது என்று நம் நாயகம் (ஸல்) அவர்களுக்கே கஹ்ஃப் சூராவில் (18:23, 24) கட்டளை வந்தது. செய்யப் போகிற ஒருவர் சொல்லும் வார்த்தை அது. செய்ய மனமில்லாதவர்களும் அதைச் சொல்லிச் சொல்லி நம் ஊர்களில் அதன் பொருளே தேய்ந்து விட்டது.

இடையில் ஒரு சுவையான மஸ்அலா. சில கணவன்மார் மனைவி மக்களை ஆச்சரியப்படுத்த, போகும் ஊரைச் சொல்லாமல் காரில் ஏற்றிக் கொண்டு போவதுண்டு. கணவரைத் தொடர்ந்து போகும் மனைவிக்குப் போக்கிடம் தெரியாவிட்டால், இரண்டு மர்ஹலா கடக்கும் வரை அவளுக்குக் கஸ்ரு இல்லை என்று 'மின்ஹாஜி'லும் அதன் விரிவுரைகளிலும் உள்ளது. அவர் இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுப்பார், அந்த அம்மா நான்கு தொழ வேண்டும்! பிள்ளைகளுக்கு வேண்டுமானால் மறையுங்கள்; மனைவியிடம் சொல்லி விடுங்கள்.

எல்லையில் காத்திருப்பவர் நிலை என்ன? ஊரின் கட்டடங்களைக் கடந்து விட்ட பிறகு, 'அதிகாரி வருவார், இன்னும் அரை மணி' என்று நிறுத்தி வைக்கப்பட்டவர் பிரயாணியே. அங்கே ளுஹரையும் அஸரையும் சேர்த்து இரண்டிரண்டாகத் தொழலாம். தொழுது முடித்த பின் திருப்பி அனுப்பினால், தொழுதது தொழுததுதான், மீட்டத் தேவையில்லை. ஆனால் நின்ற இடத்தில் 'சரி, வீட்டுக்கே திரும்புவோம்' என்று எண்ணிய அந்த நொடியில் முதற் பிரயாணம் முடிந்து விடுகிறது. திரும்புவதா வேண்டாமா என்ற தடுமாற்றமும் அப்படியே. பிறகு வீட்டை நோக்கிப் போவது ஒரு புதுப் பிரயாணம். வீடு இரண்டு மர்ஹலா தூரத்தில் இருந்தால் கஸ்ரு உண்டு. அல்ஐனைப் போல் அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரமானால் இல்லை. ஹனபியிலும், பிரயாண தூரத்தைக் கடக்கும் முன்பே திரும்ப எண்ணியவர் அந்த எண்ணத்தாலேயே முகீமாகி விடுகிறார்.

இதற்கு மாறாக, போன இடத்தில் பாதை அடைபட்டு மாட்டிக் கொண்டவர்கள் உண்டு. 2020 ஜூன் 13 முதல் ஓமான் அரசு டோஃபார் பகுதியையே அடைத்தது. அப்படி ஓரிடத்தில் 'இன்று திறக்கும், நாளை திறக்கும்' என்று காத்திருப்பவர் எத்தனை நாள் சுருக்கித் தொழலாம்? நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரி 8-ல் (கி.பி. 630) மக்கா வெற்றியின்போது அங்கே 18 நாள் தங்கிச் சுருக்கித் தொழுததாக ஓர் அறிவிப்பும், 19 என்று மற்றோர் அறிவிப்பும் உண்டு. மறு வருஷம் தபூக்கில் 20 நாள். ஷாபிஈ மத்ஹபில், போகும் நாளும் வரும் நாளும் நீங்கலாக 18 நாள் வரை எதிர்பார்த்திருப்பவர் சுருக்கலாம் என்று நிலைபெற்றது. நான்கு நாளைக்கு முன் திறக்காது என்று உறுதியாகத் தெரிந்து விட்டால் இந்தச் சலுகை இல்லை.

ஹனபி இமாம்கள் இதில் வெகு விசாலம். 15 நாள் தங்குவதாக நிய்யத்து வைக்காத வரை, 'நாளை போவேன், மறுநாள் போவேன்' என்றே வருஷங்கள் கழிந்தாலும் அவர் முஸாபிரே. அவர்கள் காட்டும் ஆதாரங்களில் ஒன்று, உமர் (ரலி) அவர்களின் புதல்வர் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் செயல். அவர்கள் அஸர்பைஜானில் இருந்தபோது பனி விழுந்து பாதை அடைபட்டது. ஆறு மாதம் அங்கேயே தங்க நேர்ந்தது. ஆறு மாதமும் சுருக்கியே தொழுதார்கள். பனியில் அடைபட்ட அந்தப் பாதையை நினைக்கும்போதெல்லாம், நமக்கு இப்போதுதான் இப்படியெல்லாம் நேர்கிறது என்ற எண்ணம் எனக்கு விலகி விடும். பாதை அடைபடுவதும் பழையது, அதற்குச் சட்டமும் பழையது.

சலாலா போய்ச் சேர்ந்து விட்டால் நாட்கணக்கைப் பாருங்கள். சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுதாக நான்கு நாள் தங்க எண்ணியிருந்தால், ஷாபிஈயின்படி ஊருக்குள் நுழைந்ததுமே நீங்கள் முகீம். மூன்று நாள் என்றால் பிரயாணி. ஒரு வாரத்துக்கு வீடு வாடகைக்கு எடுத்துக் கொண்டு ஒரு வாரமும் சுருக்கித் தொழுகிறவர்களைக் கேள்விப்படுகிறேன். ஷாபிஈகளுக்கு அது சரியல்ல. ஹனபிகளுக்குச் சரி.

அப்படி முகீமாகி விட்டவர் அங்கிருந்து மிர்பாத்துக்குப் போகிறார் என்று வைத்துக் கொள்வோம். கடற்கரையோரமாகக் கிழக்கே சுமார் எழுபது கிலோமீட்டர். மலபாருக்கும் ஜாவாவுக்கும் போய்ப் பரவிய பாஅலவி ஸையிதுமார்களின் மூதாதையான ஸாஹிபு மிர்பாத் முஹம்மத் பின் அலீ (ரஹ்) அவர்கள் அடங்கியிருப்பது அங்கேதான். நேர்ச்சாலையில் இரண்டு மர்ஹலா ஆகாது. மலைமேல் ஏறிப் பசுமையைப் பார்த்துக் கொண்டு சுற்றிப் போனால் அளவு நிறைகிறது என்று கொள்ளுங்கள். சுருக்கலாமா? ஒரே ஊருக்கு நீண்ட பாதையும் குறுகிய பாதையும் இருந்து, சுலபம், பாதுகாப்பு போன்ற ஒரு காரணத்துக்காக நீண்டதில் போனால் சுருக்கலாம். காரணமில்லாமல் சுருக்குவதற்காகவே சுற்றினால் கூடாது என்கிறது மின்ஹாஜ். குறுகிய வழி அடைக்கப்பட்டிருப்பதும் ஒரு காரணந்தான். இயற்கைக் காட்சியைக் கண்டு இளைப்பாறச் சுற்றிப் போவதையும் இவ்விடத்தில் ஏற்கத்தக்க காரணமாக உரையாசிரியர்கள் எழுதியுள்ளார்கள். பல நூறு வருஷங்களுக்கு முன் இருந்த அந்த ஆலிம்கள், நல்ல காட்சிக்காக மனிதன் தூரப் பாதையைத் தேர்ந்தெடுப்பான் என்பதை அறிந்தே வைத்திருந்தார்கள்! ஹனபியிலோ எந்தப் பாதையில் போகிறாரோ அதன் தூரமே கணக்கு.

தடையை மீறுவது பற்றி. அரசாங்கம் நோய்க்காகவோ வெள்ளத்துக்காகவோ ஒரு வழியை அடைத்தால், பொய்க் காகிதம் காட்டி நுழையும் தந்திரங்களை நம்மவரில் சிலர் கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறார்கள். உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 18-ஐ ஒட்டி (கி.பி. 639) ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டு, 'ஸர்ஃ' என்னுமிடம் வரை போய் விட்டார்கள். எதிரே வந்த தளபதிகள், ஷாமில் கொள்ளைநோய் என்றார்கள். முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், கருத்து இரண்டுபட்டது. அன்ஸார்களிடமும் அப்படியே. குறைஷி முதியவர்களைக் கேட்டபோது அவர்கள் ஒரே குரலில் திரும்பச் சொன்னார்கள். கலீஃபா அவர்கள் படையோடு திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) கேட்டபோது, ஆம், ஒரு விதியிலிருந்து அவனுடைய மறு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் விடையளித்து, ஓர் உவமையும் சொன்னார்கள்: ஒரு பள்ளத்தாக்கின் ஒரு கரை பசுமை, மறுகரை வறட்சி. ஒட்டகத்தைப் பசுங்கரையில் மேய்த்தாலும் வறண்ட கரையில் மேய்த்தாலும் விதிப்படிதானே? பிறகு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, நோயுள்ள ஊருக்குள் போகாதீர்கள், இருக்கும் ஊரிலிருந்து அதற்கஞ்சி வெளியேறாதீர்கள் என்ற பொருளில் தாம் நபியவர்களிடம் கேட்டிருந்ததை அறிவித்ததும், உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள். இஸ்லாமியப் பேரரசின் தலைவர் பாதி வழியில் திரும்பினார். கௌரவம் குறைந்ததாக யாரும் எண்ணவில்லை. ஓட்டலுக்குக் கட்டிய முன்பணம் போய்விடுமே என்று நாம் பொய்யெழுதிக் கையொப்பமிடுவதா?

வெள்ளிக்கிழமையில் கவனம் வேண்டும். ஷாபிஈயில் சுபுஹு உதயமான பிறகு, ஜும்ஆ தவறும்படிப் புறப்படுவது கூடாது. வழியில் ஜும்ஆ கிடைக்குமென்றால் போகலாம். 2022 முதல் அமீரக அலுவலகங்களில் சனி, ஞாயிறு விடுமுறை. ஆகவே வெள்ளியன்று ஜும்ஆவை முடித்து விட்டுக் கிளம்புவதே நிம்மதி. ஓடும் காரில் உட்கார்ந்தபடி பர்ளை முடித்து விடலாம் என்ற பேச்சும் வேண்டாம். நிறுத்த வசதியுள்ள சாலையில் இறங்கி, நின்று, கிப்லாவை நோக்கித் தொழ வேண்டும்.

இனி அந்தச் சகோதரியின் விவகாரம். சாவடியில் காத்திருக்கும்போது ளுஹரை இரண்டாகத் தொழுதார்கள். ஸலாம் கொடுத்துச் சற்று நேரத்தில், போக முடியாது என்று விடை வந்தது. திரும்புவதென்று முடிவும் செய்து விட்டார்கள். "எப்படியும் இங்கே நிற்கிறோம், அஸரையும் சேர்த்துத் தொழுது விட்டே போவோம்" என்று பிள்ளைகளின் வாப்பா சொல்ல, அஸரையும் ளுஹருடைய நேரத்திலேயே இரண்டு ரக்அத்தாகத் தொழுது விட்டு வீடு திரும்பியிருக்கிறார்கள். மார்க்கம் இலேசானது என்பது அவர் வாதம். மனம் உறுத்துகிறது என்பது இந்த அம்மாவின் வாதம்.

ளுஹர் கூடி விட்டது. அப்போது அவர்கள் பிரயாணிகள். ஆனால் முற்படுத்திச் சேர்த்துத் தொழுவதற்கு, இரண்டாவது தொழுகையில் நுழையும் வரை பிரயாணம் நீடித்திருக்க வேண்டும். திரும்ப முடிவு செய்ததும், வீடு பக்கத்திலேயே இருப்பதால், பிரயாணம் முடிந்து விட்டது. எனவே அந்த அஸர் வக்து வருமுன் தொழப்பட்ட அஸர், கூடாது. அம்மாவின் உறுத்தல் சரியே. கணவர் மனைவி இருவரும், பருவமடைந்த பிள்ளை உடனிருந்தால் அவரும், அந்த ஒரு அஸரை நான்கு ரக்அத்தாகக் களாச் செய்து கொள்ள வேண்டும். அறியாமல் செய்ததால் குற்றம் பிடிக்கப்படாது என்று நம்புவோம். இதைப் படித்த அன்றே தொழுது விடுங்கள். சலாலா புறப்படும் நாள் வரை வைத்திருக்க வேண்டாம்.